கட்டணம் உயரும் அரங்கு, சலுகை பிறக்கும் அறை

வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில் கண்ணமங்கலத்தைத் தாண்டினால் சந்தவாசல். படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். மேற்கே ஜவ்வாது மலை, கிழக்கே ஆரணி. ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்பனையாகும் சேலைகள் எல்லாம் ஆரணி நகருக்குள்ளேயே நெய்யப்படுபவை அல்ல. சுற்றுப்புற ஊர்களின் வீட்டுத் தறிகளும் சேர்ந்துதான் அந்தப் பெயரைச் சுமக்கின்றன.

கைத்தறிக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் தறிக்குழிக்குள் உட்கார்ந்து பார்க்காதவர்கள். பட்டு இழையின் அறுந்த முனையைத் தேடிப் பிடிக்க வெளிச்சம் வேண்டும். சுவரோடு ஒட்டிய தறியில் காற்றுக்கு மின்விசிறி வேண்டும். ஊடைத் தார் சுற்றும் ராட்டையை இப்போது பல வீடுகளில் சிறு மோட்டார்தான் ஓட்டுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 75 வாட் மின்விசிறி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். 20 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 12 யூனிட். கால் குதிரைத்திறன் தார் மோட்டாரை நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் இன்னும் 34 யூனிட். ஆக ஒரு தறி இரண்டு மாதத்துக்குத் தொண்ணூறு யூனிட் சொச்சம் சாப்பிடும். அதற்கு மேல் சமையலறை மிக்ஸி, தொலைக்காட்சி, பிள்ளைகள் படிக்கும் அறை.

தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். 2006இல் கருணாநிதி அரசு 100 யூனிட்டில் தொடங்கியது. 2016இல் ஜெயலலிதா அரசு 200 ஆக்கியது. 2023 மார்ச்சில் ஸ்டாலின் அரசு 300 ஆக்கியது. விசைத்தறிக்கு இதே வரிசையில் 500, 750, 1000. ஒற்றைத் தறி வீட்டுக்கு 300 யூனிட் பெரும்பாலும் போதும். அப்படியிருக்க, மின் கட்டணம் எங்கே, யார் முன்னிலையில், யாரைக் கேட்டு முடிவாகிறது என்ற கேள்வி அந்த வீட்டுக்கு எதற்கு? இந்தக் கட்டுரை சுற்றிச் சுற்றி வரப்போவது இந்தக் கேள்வியைத்தான்.

முதலில் சட்டம். 1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் மாநில மின்வாரியங்களை உருவாக்கியது. 1957 ஜூலை 1 அன்று பிறந்த நம் மின்வாரியமும் அதன் பிள்ளைதான். அந்தக் காலத்தில் கட்டணம் என்பது வாரியமும் அரசும் பேசி முடிக்கும் விஷயம். நுகர்வோருக்கு நாளிதழில்தான் தெரியும். பிடிக்காதவர்களுக்குத் தெரு ஒன்றே வழி. கோவை மாவட்ட விவசாயிகள் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து அந்தத் தெருவில்தான் நின்றார்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் காவல் துறை சுட்டதில் மூன்று விவசாயிகள் மாண்டார்கள். 1972இல் கோவை நகரத்தை மாட்டுவண்டிகள் அடைத்தன. விவசாயிகளின் தலைவர் நாராயணசாமி நாயுடு என்ற பெயர் மாநிலமெங்கும் தெரியவந்தது அந்தப் போராட்டங்களில்தான். 1984இல் சிறு விவசாயிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் கருணாநிதி அரசும் இலவச மின்சாரம் கொடுத்ததற்குப் பின்னால் அந்த மாட்டுவண்டிகள் இருக்கின்றன. மின் கட்டணத்தில் மக்கள் பங்கேற்பு என்பதைப் புதுதில்லியிலிருந்து இறங்கி வந்த சீர்திருத்தமாக மட்டும் எழுதுகிறவர்கள் பெருமாநல்லூரை மறந்துவிடுகிறார்கள்.

1998ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டம் வந்தது. அதன்படி 1999 மார்ச் 17 அன்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. பிறகு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. அதன் 64ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம். கட்டணம் உயர்த்த விரும்பும் நிறுவனம் ஆணையத்திடம் மனு போட வேண்டும். மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். பொதுமக்கள் தரும் கருத்துகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்து 120 நாளுக்குள் ஆணையம் ஆணையிட வேண்டும். 86ஆம் பிரிவு ஆணையம் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்கிறது. 94ஆம் பிரிவு, நுகர்வோர் நலனை எடுத்துச் சொல்ல ஆணையமே ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. கல்கத்தாவின் சி.இ.எஸ்.சி. நிறுவனம் தொடர்பான வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம், கட்டண நிர்ணயத்தில் நுகர்வோரின் தரப்பைக் கேட்பது அவர்களது உரிமை என்று ஏற்றது. எத்தனை பேரை, எப்படிக் கேட்பது என்பதை ஆணையம் விதி வகுத்து முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

கடைசியாகச் சொன்ன அந்த அனுமதிக்குள்தான் சந்தவாசல் காணாமல்போகிறது.

2022 ஜூலை 18 அன்று அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி கட்டண உயர்வுத் திட்டத்தை அறிவித்தார். மின்வாரியத்தின் வழிவந்த அரசு மின் உற்பத்தி, பகிர்மானக் கழகமான டான்ஜெட்கோ மனு தாக்கல் செய்தது. எட்டு ஆண்டுக்குப் பின் வந்த உயர்வு அது. நிறுவனத்தின் கடன் 1.59 லட்சம் கோடி ரூபாய் என்றார்கள். எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம். ஆகஸ்ட் 16 கோவை, 18 மதுரை, 22 சென்னை என்று ஒரே வாரத்துக்குள் மூன்று கருத்துக்கேட்புக் கூட்டங்கள். செப்டம்பர் 9 அன்று ஆணை, மறுநாளே அமல். மனுவுக்கும் ஆணைக்கும் இடையே 53 நாள். 2.37 கோடி வீட்டு இணைப்புகள் உள்ள மாநிலத்தில் மூன்று நகரம், மூன்று நாள்.

சந்தவாசலில் இருந்து சென்னைக் கூட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் விடியுமுன் பேருந்து ஏற வேண்டும். ஒரு நாள் தறி நிற்கும். ஒரு நாள் கூலி போகும். போய்ச் சேர்ந்தால் பதிவு செய்து டோக்கன் வாங்கிக் காத்திருந்து, சில நிமிடம் மைக் கிடைக்கும். முன்வரிசையில் நூற்பாலைச் சங்கங்களின் வழக்கறிஞர்களும் ஆலோசகர்களும் கோப்புகளோடு இருப்பார்கள். அவர்களுக்குப் பேசத் தெரியும்; வருவாய்த் தேவை அட்டவணையின் எந்த வரியில் எந்த எண் பிசகு என்று சொல்லவும் தெரியும். நெசவாளருக்கு 'கட்டாதுங்க ஐயா' என்று சொல்லத் தெரியும். இரண்டும் பதிவாகும். ஆனால் ஆணையின் பத்திகளில் பதில் பெறுவது முதல் வகைதான். ஆணையத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. அரை நீதிமன்றமாக இயங்கும் அமைப்பு கணக்குக்குத்தான் பதில் சொல்லும், கஷ்டத்துக்கு அல்ல. கணக்கை மறுக்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கான பக்கம் நீளும் மனுவைப் படிக்க வேண்டும். நாளிதழ் விளம்பரத்தில் தமிழில் சுருக்கம் வரும். சண்டைக்கு வேண்டிய அட்டவணைகளோ ஆங்கில மனுவின் பின்னிணைப்புகளில் கிடக்கும்.

அந்த அட்டவணைகளில் என்னதான் இருக்கிறது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. சரியான மீட்டர் இல்லாமல் மின்சாரம் வழங்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டு சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்லியும் இதுதான் நிலைமை. ஆகவே விவசாயத்துக்கு எவ்வளவு மின்சாரம் போனது என்பது மதிப்பீடு. மாநிலத்துக்குள் வந்த மொத்த மின்சாரம் எவ்வளவு என்பது தெரியும். மீட்டர் வைத்து விற்றது எவ்வளவு என்பதும் தெரியும். மீதியை விவசாயம், கம்பி இழப்பு, திருட்டு என்ற மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். விவசாயத்தின் பங்கை ஏற்றிக் காட்டினால் இழப்பு இறங்கிவிடும். அந்த இழப்புக்கு நிறுவனத்தின் திறமையின்மை காரணமா என்ற கேள்வியும் எழாமலே போகும். அரசு தரும் விவசாய மானியக் கணக்கு மட்டும் பெருகும். விவசாயிக்கு இதில் கெட்ட பெயர், மற்ற நுகர்வோருக்குக் கூடுதல் கட்டணம். இப்படிப்பட்ட ஒரு வரியைப் பிடித்து உலுக்க இரண்டு மூன்று ஆண்டு அந்த வேலையிலேயே கிடக்கும் ஆட்கள் தேவை. புனேயின் பிரயாஸ் அமைப்பு மகாராஷ்டிரத்தில் இதைச் செய்தது. சென்னையில் சி.ஏ.ஜி. என்று அறியப்படும் நுகர்வோர் அமைப்பு மின்துறை ஆவணங்களைப் படித்து எழுதிவருகிறது. மாநில அளவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் இதற்கு இருக்கிறார்கள்.

2022 கூட்டங்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒழுங்குமுறை ஆணையங்களில் சட்டத்துறை உறுப்பினர் ஒருவர் கட்டாயம் என்று குஜராத் தொடர்பான வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தமிழ்நாட்டு ஆணையத்தில் அந்த இடம் காலி. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. அந்த உறுப்பினர் வரும்வரை இறுதி ஆணை கூடாது என்றார் தனி நீதிபதி. மேல்முறையீட்டில் அந்தத் தடை விலகிய பிறகுதான் செப்டம்பர் ஆணை வந்தது. கூட்டத்தில் பேசியவர்களால் நிறுத்த முடியாததை ஒரு சங்கம் நீதிமன்றத்தில் சில நாளாவது நிறுத்திவைத்தது. பங்கேற்பு என்பதற்கும் செலவு உண்டு. அதைத் தாங்குகிறவரின் குரலுக்கு எடை கூடுகிறது.

சரி, அந்த ஆணை என்ன செய்தது? வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்குப் பழைய பில் 1,130 ரூபாய். புதிய பில் 1,725 ரூபாய். முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 2 ரூபாய் 25 காசு, அதற்கடுத்த இருநூறுக்கு நாலரை, கடைசி நூறுக்கு ஆறு ரூபாய். மீட்டர் 501ஐக் காட்டினால் இரண்டே கால் ரூபாய்ப் படிக்கட்டு மறைந்துவிடும். 101இலிருந்து 400 வரை எல்லாமே நாலரை ரூபாய். பில் 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். ரீடிங் எடுக்க வருகிறவர் நான்கு நாள் பிந்தி வந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டுக்காரம்மாக்கள் எந்த ஆணையத்தையும் கேட்காமலே அறிவார்கள்.

ஆனால் அந்த ஆணையின் கனமான பகுதி இது அல்ல. 2022-23 முதல் 2026-27 வரை ஐந்தாண்டுக்கான ஆணை அது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று, ஏப்ரல் மாத நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 சதவீதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் தானாக ஏறும் என்று எழுதியிருந்தது. 2024இல் 4.83 சதவீதம், 2025இல் 3.16 சதவீதம் என்று வந்த உயர்வுகள் அந்தந்த ஆண்டு ஏப்ரல் மாதப் பணவீக்கத்தை அச்சுப் பிசகாமல் எடுத்தவை. இவற்றுக்கு மனு இல்லை, கருத்துக்கேட்பு இல்லை. கேட்டால், 2022இலேயே கேட்டாயிற்று என்பது பதில்.

சூத்திரத்துக்கு ஆதரவாகச் சொல்ல நியாயம் உண்டு. ஒதுக்கிவிட முடியாத நியாயம் அது. 2003 மார்ச் 15 அன்று ஆணையம் தன் முதல் கட்டண ஆணையைக் கொடுத்த பிறகு 2010 வரை அடுத்த உயர்வு இல்லை. 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 வரை இல்லை. வாரியம் மனுவே போடவில்லை என்றால் ஆணையமும் சும்மா இருந்தது. தேர்தல் கணக்கில் ஒத்திப்போட்ட உயர்வு வட்டியோடு கடனாகக் குவிந்தது. மின்வாரியங்கள் மனு போடாவிட்டால் ஆணையங்கள் தாமாகவே கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று 2011 நவம்பரில் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை இடி விழுவதைவிட ஆண்டுக்கு ஒரு சிறு உயர்வு மேல்.

இருந்தாலும் விலைக் குறியீட்டுக்கும் மின் உற்பத்திச் செலவுக்கும் என்ன உறவு? தக்காளி விலை ஏறினால் குறியீடு ஏறும். அதனால் யூனிட் விலையும் ஏறும். நிலக்கரியைக் குறைந்த விலைக்கு வாங்கினார்களா, இழப்பைக் குறைத்தார்களா, கட்டி முடிக்காத மின்நிலையத்துக்கு எவ்வளவு வட்டி போகிறது என்று ஆண்டுதோறும் யாரும் பொதுமக்கள் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு உயர்வு நிலையானது. அதைக் கேட்கும் வாய்ப்பு மட்டும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை.

இனி சலுகை பிறக்கும் அறைக்குப் போகலாம். மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, ஆணையம் நிர்ணயித்த கட்டணத்தைவிடக் குறைவாக ஒரு பிரிவினரிடம் வாங்க வேண்டும் என்று அரசு விரும்பினால், வித்தியாசத் தொகையை முன்கூட்டியே நிறுவனத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். 108ஆம் பிரிவின்படி, பொதுநலன் கருதி அரசு ஆணையத்துக்குக் கொள்கை வழிகாட்டுதல் கொடுக்கலாம். வீடுகளுக்கு நூறு யூனிட், கைத்தறிக்கு முந்நூறு, விசைத்தறிக்கு ஆயிரம் எல்லாம் 65ஆம் பிரிவின் வழியாக வருபவை. 2023 ஜூலையில் சூத்திரப்படி 4.7 சதவீதம் ஏற வேண்டியது 2.18 சதவீதமாக இறங்கியது அரசின் தலையீட்டால். ஏப்ரலுக்கு ஏப்ரல் என்பதற்குப் பதில் 2022 ஆகஸ்டிலிருந்து கணக்கிட்டால் போதும் என்றது அரசு. வீட்டு இணைப்புகளுக்கு அந்த 2.18ஐயும் அரசே ஏற்றது.

கருத்துக்கேட்பு அரங்கில் கேட்டுக் கிடைக்காதவை பிறகு தலைமைச் செயலகத்திலிருந்து வந்த கதை நீளமானது. சிறு தொழில்களுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணம் 25 சதவீதத்திலிருந்து 15 ஆக இறங்கியது. பத்து வீட்டுக்கு மிகாத, லிப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட் 8 ரூபாய் 15 காசு என்றிருந்தது ஐந்தரை ரூபாயானது. கோவை, திருப்பூர் விசைத்தறியாளர்கள் மாதக்கணக்கில் பில் கட்டாமல் மல்லுக்கு நின்றார்கள். 2023 மார்ச்சில், ஆயிரம் யூனிட்டுக்கு மேற்பட்ட பயன்பாட்டில் 70 காசு உயர்ந்தது 35 காசானது. எதையும் தவறென்று சொல்வதற்கில்லை. எல்லாமே கேட்டவர்களுக்கு நியாயமானவைதான். ஆனால் எந்தக் கணக்கின் அடிப்படையில் 70 என்பது 35 ஆனது, ஏன் 30 இல்லை, ஏன் 40 இல்லை என்பதற்குக் காரணம் எழுதிய ஆணை கிடையாது. அரங்கில் காரணம் உண்டு, நிவாரணம் அரிது. அறையில் நிவாரணம் உண்டு, காரணம் கிடையாது.

இதைப் புரிந்துகொண்ட யாரும் அரங்குக்குப் போக மாட்டார்கள். பேருந்துச் செலவு செய்து சென்னைக்குப் போய் மைக் முன்னால் நிற்பதைவிட சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில் நிற்பது லாபம். மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று ஆய்வரங்குகளில் புலம்புவதை நான் நம்புவதில்லை. மக்கள் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆரணிப் பக்கத்து நெசவாளருக்கு இந்தக் கணக்கு ஓர் இடத்தில் மட்டும் தப்பும். அறையில் கிடைப்பது இலவச யூனிட். தன் தறி எந்த வகைப்பாட்டில் வரும் என்பதோ அரங்கில் எழுதப்படுவது. தமிழ்நாட்டுக் கட்டண ஆணைகளில், நெசவாளர் வீட்டில் உள்ள கைத்தறி, வெளியாள் வைத்து நெய்தாலும் சரி, வீட்டுப் பயன்பாட்டு வகைக்குள் அடங்கும். நல்ல ஏற்பாடு. விசைத்தறி தனி வகை. இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் சிக்கல் தெரியும். கரை, முந்தி, புட்டா போட ஜக்கார்டு பெட்டியைக் காலால் மிதித்துத் தூக்குவார்கள். முழங்காலும் இடுப்பும் போய்விடும் வேலை அது. அதைத் தூக்கச் சிறு மோட்டார் பொருத்திக்கொள்ளும் தறிகள் பெருகிவருகின்றன. அட்டை கட்டிய ஜக்கார்டுக்குப் பதில் மின்னணு ஜக்கார்டும் வந்துவிட்டது. நாடாவை இன்னமும் கைதான் ஓட்டுகிறது. பாவை மட்டும் மோட்டார் தூக்குகிறது. இது கைத்தறியா? 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத தறி கைத்தறி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. கைத்தறித் துறை ஒன்று சொல்லலாம். மின்மீட்டரைச் சோதிக்க வருகிறவர் வேறு சொல்லலாம். அனுமதித்த வகைக்கு மாறான பயன்பாடு என்று முடிவானால் மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இருமடங்கு கட்டணம் கணக்கிடலாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதம் பின்னோக்கிப் போகலாம். இலவச யூனிட் எத்தனை என்பதைவிட இந்த இரண்டு வரி வரையறை ஒரு தறிக்குடும்பத்துக்குப் பெரிது. அரசாணை கொடுத்ததை இன்னோர் அரசாணை எடுத்துக்கொள்ளலாம்; கட்டண ஆணையில் எழுதிய வரையறையை மாற்ற வேண்டுமானால் அதற்குரிய நடைமுறையைக் கடக்க வேண்டும்.

அந்த வரையறையைக் கேட்டு வாங்க யார் போவது? நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் என்று உடனே தோன்றும். சங்கங்களை நடைமுறையில் நடத்துவது கைத்தறித் துறை. மனு போடும் மின் நிறுவனம் அரசுடையது. அரசின் ஒரு கை இன்னொரு கையை எதிர்த்து ஆட்சேபம் எழுதும் என்று எதிர்பார்க்க முடியாது. தனியார் பட்டு முதலாளிகளுக்குக் கூலிக்கு நெய்கிறவர்கள் சங்கத்திலேயே இல்லை. பட்டு முறுக்கு ஆலையும் சாயப்பட்டறையும் தொழில் கட்டணம் கட்டுகின்றன. அவற்றின் செலவு பட்டு நூல் விலையில் ஏறி, கடைசியில் கூலி பேசும்போது நெசவாளர் தலையில் இறங்கும். முந்நூறு யூனிட் இலவசம் பெறும் வீடும் இப்படிச் சுற்றுவழியாக மின் கட்டணம் கட்டுகிறது. அதற்கு ரசீது கிடையாது.

வேறிடங்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? அமெரிக்காவில் நியூயார்க், விஸ்கான்சின் மாநிலங்கள் 1907இலேயே இத்தகைய ஆணையங்களை அமைத்தன. அடுத்த அறுபது எழுபது ஆண்டு அனுபவத்தில் அவர்கள் கண்டது, நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு நுகர்வோர் கட்டணத்திலிருந்தே சம்பளம் போகிறது, நுகர்வோர் தரப்பில் பேசுகிறவருக்கு யாரும் கொடுப்பதில்லை என்பதை. கலிபோர்னியா 1980களில் ஒரு வழி கண்டது. கட்டண விசாரணையில் தலையிட்டு, ஆணையின் முடிவுக்குக் கணிசமாகப் பங்களித்த நுகர்வோர் அமைப்புக்கு அதன் வழக்கறிஞர், நிபுணர் செலவைத் திருப்பிக் கொடுப்பது. ஓரிகன் மாநில மக்கள் 1984இல் வாக்களித்து மின் நுகர்வோருக்கென்றே ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். இந்தியாவில் மகாராஷ்டிர ஆணையம் 94ஆம் பிரிவைப் பயன்படுத்தி மும்பை கிராஹக் பஞ்சாயத்து, பிரயாஸ் போன்ற அமைப்புகளை நுகர்வோர் பிரதிநிதிகளாக ஏற்றது. தமிழ்நாட்டுக்கும் அதே சட்டம்தான்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது இலங்கை. அங்கே 2002ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டப்படி அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது. பொருளாதார நெருக்கடியில் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் ஏறியது. இரண்டாவது உயர்வை எதிர்த்த ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்கவை 2023 மே மாதம் நாடாளுமன்றமே வாக்களித்துப் பதவியிலிருந்து நீக்கியது. ஆணைக்குழு அடங்கிவிடும் என்றுதான் தோன்றியது. ஆனால் இருக்கும் கட்டணமே நீடிக்கட்டும் என்று மின்சார சபை கேட்டபோது, ஒன்பது மாகாணங்களிலும் மக்களின் கருத்தைக் கேட்டுவிட்டு, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தது அதே ஆணைக்குழு. ஆறு மாதத்தில் 15 சதவீதம் மறுபடி ஏற்றியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்றமோ இறக்கமோ, அந்தத் தீவில் யாழ்ப்பாணத்துக்காரர் தன் மாகாணத்துக்குள்ளேயே பேச முடிந்தது. அதைவிடப் பரப்பிலும் மக்கள்தொகையிலும் பெரிய தமிழ்நாட்டில் மூன்று நகரத்தில் முடித்துக்கொண்டோம். விழுப்புரம், வேலூர், திருவண்ணாமலை என்று வடக்கு முழுவதற்கும் சென்னைதான் பதில். மின்வெட்டுக் காலத்தில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்தது. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு, மற்ற மாவட்டங்களுக்குப் பாதி நாள்.

தனிப்பட்ட குறைகளுக்கு வேறு வழி இருக்கிறதே என்பார்கள். உண்டு. ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். பில் பிசகு, தவறான வகைப்பாடு, இணைப்பு தாமதம் ஆகியவற்றுக்கு அங்கே போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தமிழ்நாட்டில் அந்த மன்றத்துக்குத் தலைமை வகிப்பவர் அதே வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர் என்பதால் நெசவாளர் சற்று யோசிப்பார். மேலும், கட்டண ஆணையில் எழுதியதை நடைமுறைப்படுத்தச் சொல்லத்தான் அந்த மன்றத்தால் முடியும். எழுதாததை எழுத முடியாது.

2022 ஆணையின் காலம் 2026-27ஓடு முடிகிறது. 2027 ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கு மின் பகிர்மானக் கழகம் புதிய பல்லாண்டு மனுவோடு ஆணையத்தின் முன் வர வேண்டும். டான்ஜெட்கோ 2024இல் பிரிந்து பெயர் மாறிய பிறகு வீட்டு நுகர்வோரைச் சந்திக்கும் முதல் பெரிய கட்டண விசாரணை அதுவாக இருக்கும். எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்ல ஒருவர் சென்னைக்குப் போக வேண்டியதில்லை, கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை சிட்கோ கட்டடத்தில் உள்ள ஆணையச் செயலருக்குத் தபாலில் அனுப்பினால் போதும், தமிழிலேயே எழுதலாம். ஆரணி வட்டாரத்து நெசவாளர்கள் கையெழுத்திட்டு அனுப்பக்கூடிய மனுவில் மூன்று கோரிக்கை இருந்தால் அது ஆணையின் பத்தியில் பதில் பெறும் வகையாக இருக்கும். வேலூரிலோ திருவண்ணாமலையிலோ ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். மனுவின் வகைப்பாட்டு அத்தியாயம் முழுவதும் தமிழில். கையால் நாடா ஓட்டி நெய்யும் தறியில் ஜக்கார்டு தூக்கும் மோட்டாரும் தார் சுற்றும் மோட்டாரும் வீட்டுப் பயன்பாட்டிலேயே அடங்கும் என்று, இன்ன குதிரைத்திறன் வரை என்ற அளவோடு, வகைப்பாட்டில் ஒரு வாக்கியம்.